பவுசியாவின் கறுப்புக் கேன்

"காலையில மொதத் தடவை போறது வேணாம் லாத்தா. அதுக்குப் பெறகு, நாளைக்கு விடிஞ்சு போறது வரைக்கும் எல்லாம் இதுக்குள்ளதான்" என்று கேனை நீட்டுவாள் பவுசியா.

கேட்டவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். "நாளைக்குக் கல்யாண வீட்டுக்குப் போகணுமேடி?"

"தூக்கிட்டுப் போங்க. சீர் கொண்டாந்திருக்காகன்னு நெனைச்சுக்குவாங்க."

கட்டுமாவடியில் ஊட்டச்சத்து ஆய்வுக்காகத் தெருத் தெருவாக அவள் பார்க்கும் வேலை இது. தின்ற மீனிலும் முட்டையிலும் இருக்கும் வைட்டமினில் உடம்பு எடுத்தது போக மிச்சம் சிறுநீரில் வந்துவிடும். அதை அளந்தால், யாருக்கு வீட்டில் என்ன கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். வெளிச்சம் பட்டால் வைட்டமின் கெட்டுப்போகும் என்பதால் கேனுக்குக் கறுப்பு உறை. கேன்களைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர், "பையில என்னம்மா?" என்றால், "பதநி. ஒரு கிளாஸ் ஊத்தவா?" என்பாள்.

இத்தனை வாயும் அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும்தான். தலாக் ஆகி அங்கே வந்து சேர்ந்தவள் அவள். அண்ணன் ஷேக் தாவூது கரையில் மீன் ஏலம் எடுப்பவர். வீட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை. அண்ணனும் பிள்ளைகளும் அண்ணன் மனைவி பாசிலா மச்சியும் துண்டுகளை எடுத்துக்கொண்ட பிறகு, பவுசியா சட்டியை வழித்து மிச்சமிருக்கும் ஆணத்தை, வெறும் குழம்பை, சோற்றில் ஊற்றிக்கொள்வாள். வந்த புதிதில் ஒருநாள், "எனக்குக் கவுச்சி ஆகாது" என்று மரியாதைக்குச் சொன்னாள். அந்த வீடு அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

போன மாதம் ஆய்வுக்கான குலுக்கலில் அவர்கள் தெரு வந்தது. வீட்டுக்கு ஒரு பெண். அந்த வீட்டில் விழுந்த பெயர் பவுசியா.

விசாரிக்க வந்த, அவளோடு ஆய்வில் வேலை பார்க்கும் மோகனப்ரியா, "என்னக்கா சாப்புடுவீங்க?" என்று முடிக்கவில்லை, பாசிலா முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுல பாரபட்சம் கெடையாதுங்க. மீனு, முட்டை, ஈரலு, எல்லாருக்கும் ஒரே சட்டிதான். எம் புள்ளைகளுக்கு முன்னாடி இவளுக்குத்தான் வைப்பேன்."

பவுசியா தலையாட்டினாள்.

"சத்து கொறைஞ்சிருந்தா டாக்டரே வீட்டுக்கு வந்து பேசுவாங்க" என்று சொல்லி, அண்ணனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள் மோகனப்ரியா.

பவுசியா அன்றிரவு கேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். 'உங்க தங்கச்சிக்கு ஒண்ணுமே குடுக்கலையா?' என்று டாக்டர் அண்ணனிடம் கேட்டுவிட்டால்? சோறு போட்ட வீட்டைச் சந்தி சிரிக்க வைத்தவள் என்று மச்சி அவள் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவாள். உம்மாவும் வாப்பாவும் மண்ணுக்குள். வேறு எந்தக் கதவைப் போய்த் தட்டுவாள்?

மறுநாள் காலை, கேனோடு சமையற்கட்டுக்குப் போனாள்.

"மச்சி... இன்னைக்கு ஒரு நாளைக்கு இதுல நீங்க போயிடுறீங்களா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த பாசிலா திரும்பிப் பார்த்தாள். ஏன் என்று கேட்டுவிட மாட்டாளா என்று பவுசியா காத்து நின்றாள்.

பாசிலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கேனை வாங்கினாள்.

"இதோட மூடி எங்கிட்டு?"

பவுசியா மூடியைக் கொடுத்தாள். பிறகு மச்சியின் கையிலிருந்த கேனின் மேல் தன் பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, ஓரம் பிரிந்துவிடாதபடி நான்கு பக்கமும் நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.