பத்துக்கு ஆறு

என் கணவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். மார்க் போடுவதில் மகா கஞ்சர். கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்துக்கு ஆறுக்கு மேல் கை போகாது. என்றைக்காவது ஏழு போட்டுவிட்டால் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சாப்பிடும்போது என்னிடம் சொல்லுவார். என் ரசத்துக்கே ஐந்தரைதான் கிடைத்தது.

ரிட்டையராகி இரண்டாவது வருடம் குடலில் புற்றுநோய் வந்தது. அது வயிற்றுக்குள் பரவி நீர் கோத்துக்கொண்டது. நீரை அடிக்கடி எடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும், தேவைப்படும்போது எடுக்கலாம் என்றார் டாக்டர். அந்தத் தேவையைத் தெரிந்துகொள்ள ஒரு தாள் கொடுத்தார். வயிற்று இறுக்கம், மூச்சு, பசி, படுக்கை என்று நான்கு கேள்வி. தொந்தரவே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. தினமும் காலையில் அவரைக் கேட்டு நான் எழுத வேண்டும். எதிலாவது ஏழைத் தாண்டினால் உடனே போன் செய்ய வேண்டும்.

நான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க். மனுதாரர் சொல்வதைத்தான் கட்டத்தில் நிரப்புவேன். என் அபிப்பிராயத்தை எழுதுவது எனக்கு வழக்கமில்லை. வீட்டிலும் அப்படியே செய்தேன். முதல் வாரம் ஐந்து, ஐந்து. பிறகு ஆறு. அதற்கப்புறம் ஆறிலேயே நின்றுவிட்டது.

கண் இல்லாமல் இல்லை எனக்கு. மல்லாந்து படுப்பதை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தே தூங்கினார். இரண்டு வாய் தயிர்சாதத்தோடு தட்டைத் தள்ளினார். குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. எல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டு ஆறு என்று எழுதினேன்.

அந்த மாதப் பௌர்ணமிக்கு எங்கள் மகள் பெங்களூரிலிருந்து எட்டு மாதக் குழந்தையோடு வந்தாள், நான்கு நாள் லீவில். பேத்தியை அவர் பார்ப்பது அதுதான் இரண்டாவது தடவை. மடியில் வைத்தாள். வைத்த கொஞ்ச நேரத்துக்குள், "எடுத்துக்கோம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான்கு நாளும் இதே கதை. மகளின் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புள்ள ஆசையா தூக்கிட்டு வந்திருக்கா, இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா எப்படி என்று சத்தம் போட்டேன். அவர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். நாளைக்கே டாக்டரிடம் போகலாமா என்று ஒரு முறை கேட்டாள் மகள். மார்க் ஆறுதான் இருக்கிறது, கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோகூட உள்ளே வராது, கூட்டம் கலையட்டும் என்றேன்.

மகள் ஊருக்குப் போன மறுநாள் போனோம். தாளில் இருந்ததையும் எதிரில் இருந்த ஆளையும் டாக்டர் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இதுக்கே ஆறுன்னா, பத்து எப்ப போடுவீங்க?"

"பத்து நான் யாருக்குமே போட்டதில்லைங்க" என்றார் இவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

நர்ஸ் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தாளைப் பார்த்தேன், வரிசையாக என் கையெழுத்தில் ஆறு. டாக்டருக்கு அவரைத் தெரியாது. முப்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் திருத்திய பேப்பர்களில் மார்க்கைக் கூட்டிக் கொடுத்தவள் நான். அவருடைய ஆறு மற்றவர்களின் ஒன்பது என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொன்னதை மட்டும் எழுதி ஆபீசில் வாங்கிய நல்ல பெயரெல்லாம் அன்றைக்கு எனக்குக் கசந்தது.

நாலரை லிட்டர் எடுத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பாவ ஒரு தடவ கூட்டிட்டு வரச் சொல்றியா? இப்ப மடியில வெச்சுக்கலாம்."

இப்பதானே போனா, அடிக்கடி லீவு கிடைக்காதுங்க, அடுத்த பௌர்ணமிக்கு வருவா என்றேன். சரி என்று தலையாட்டினார்.

மகள் அடுத்த பௌர்ணமிக்கு ஆறு நாள் முன்னாடியே வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலில் போட்டிருந்த பந்தலுக்கு அடியில் வந்து இறங்கினாள்.