பெட்டிக்குள் இருந்த கொப்பி

றோசலினைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஞானேந்திரனை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனாலும் மரியாதைக்கு அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது மட்டக்களப்பு. இருபது வருடமாக மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு, ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை வேலை. நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிறவள்.

ஞானேந்திரன் ஓய்வுபெற்ற எஞ்சினியர். ஞாயிறு தோறும் நம்மவர்களைக் கூட்டிக்கொண்டு மோன்-றோயல் மலைப் படிகளில் ஏறியிறங்குவார். டொக்டர் நடக்கச் சொன்னாரென்று அந்தக் கூட்டத்தில் சேர்ந்த றோசலின், மூன்றே மாதத்தில் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். தலைவருக்கு அது பிடித்திருக்குமா? பிறகு அவர் சிலி நாட்டு மலையொன்றுக்குப் போகப் போவதாக அறிவித்தார். ஆறாயிரம் மீட்டருக்கு மேல் உயரம். அடிவாரத்துக்குப் போகவே பாலைவனத்தில் இரண்டு நாள் ஜீப் ஓட்டம். கூட்டத்தில் கை தூக்கியது றோசலின் மட்டும்தான்.

கடைசி முகாமில் அவள் இருமினாள். அந்த உயரத்தில் இருமாத மனிதன் யார்? ஆனால் ஞானேந்திரன், அவள் இரத்தம் துப்பினாள் என்று வழிகாட்டியிடம் ஸ்பானிஷில் சொல்லிவிட்டார். அவன் உடனே அவளைக் கீழே அனுப்பிவிட்டான். அவளுக்குத் தெரிந்தது தமிழும் பிரெஞ்சும். என்ன சொன்னார் என்பதே தன் காலால் நடந்து அடிவாரத்துக்கு இறங்கிய பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது. வழிகாட்டியும் கூட வந்த இரண்டு கியூபெக்காரர்களும் ஞானேந்திரனும் மேலே போனார்கள்.

மொன்றியலுக்குத் திரும்பியதும் மண்டபத்தில் விழா. மாலை, பொன்னாடை, உச்சியைத் தொட்ட முதல் மொன்றியல் தமிழன் என்ற பட்டம். அவர் மைக்கைப் பிடித்து, பாவம் றோசலின் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டுதான் இறக்கினோம் என்றார். சபை சிரித்தது. அதற்குப் பிறகு கடைத்தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் அவள் கையிலிருந்த அரிசிப் பையை வாங்கி, கவனம் அக்கா என்றார்கள். தினமும் ஐம்பது பெட்டி தூக்குகிறவளுக்கு அந்த இரக்கத்தைப் பொறுக்க முடியவில்லை.

இரண்டு வருடம், விடியற்காலையில் முதுகில் உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு அதே படிகளில் ஏறினாள். படிக்கு ஒரு தரம் ஞானேந்திரன் பேரைச் சொல்லி, கூடவே ஒரு திட்டு. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் மன்னிக்கச் சொன்னார். ஏறி இறங்கிவிட்டு யோசிக்கிறேன் என்றாள். தனக்காக இனி வேறு யாரும் பேசக் கூடாதென்று ஸ்பானிஷும் படித்தாள்.

போன ஜனவரியில் அதே வழிகாட்டியோடு தனியாகப் போய் உச்சியில் நின்றாள். அங்கே ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு கொப்பி. ஏறி வருகிறவர்கள் அதில் திகதியும் பேரும் எழுதுவது வழக்கம். ஞானேந்திரனின் பேரைத் தேடிப் பிடித்து, பக்கத்திலேயே இரண்டு மடங்கு பெரிதாகத் தன் பேரை எழுதத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தது. பென்சில்கூட சட்டைப்பையில் இருந்தது.

ஞானேந்திரன் ஏறியதாகச் சொன்ன திகதியில் மூன்று பேர்தான் இருந்தார்கள். வழிகாட்டி, இரண்டு கியூபெக்காரர்கள். கையுறையைக் கழற்றிவிட்டு முன்னும் பின்னும் புரட்டினாள். ஞானேந்திரன் இல்லை. வழிகாட்டியைக் கேட்டாள். அந்த ஐயா அரை மணி நேர ஏற்றம் மீதியிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டார், அங்கேயே கொடியோடு படமெடுத்துக்கொண்டார் என்று அவன் சாதாரணமாகச் சொன்னான். மூச்சுவிடவே காற்றுப் போதாத இடத்தில் றோசலின் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பக்கத்தை மூன்று தரம் படமெடுத்தாள். காற்று பலத்தது. வழிகாட்டி பெட்டியை மூடி, அவளை இழுத்துக்கொண்டு இறங்கினான்.

மறுபடி அதே மண்டபம், இந்த முறை அவளுக்கு விழா. பொன்னாடையை ஞானேந்திரன் அண்ணன்தான் போர்த்த வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள். அவரும் வந்து போர்த்தினார். பதிலுக்கு அவள், பெரிதாக்கிச் சட்டம் போட்ட அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்தாள். மேலே ஏறினவர்கள் பேரெழுதும் கொப்பி இதுவென்று சபைக்கும் சொல்லிவைத்தாள்.

"அண்ணன், இது நீங்க ஏறின நாள். உங்கட பேர என்ட கண்ணுக்குக் காணல்ல. கண்ணாடியப் போட்டு ஒருக்கா வாசிச்சிக் காட்டுங்க."

அவர் வாசித்தார். மூன்று பேருக்கு மேல் வாசிக்க அதில் எதுவும் இல்லை. இரண்டு வருட மூட்டைப் பாரமும் அந்த நிமிடத்தில் இறங்கியது போல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞானேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது சரி, தங்கச்சி. உம்மடை பேர் எந்தப் பக்கத்திலை இருக்கு?"

றோசலினுக்குப் பெட்டி மூடியது ஞாபகம் வந்தது. பென்சிலை அவள் வெளியே எடுக்கவேயில்லை.

"எழுதல்ல," என்றாள் மைக்கில். "உங்கட பேரத் தேடினதில என்ட பேர மறந்துபோனன்."

அவர் பக்கக் கதவால் போனார். அதற்குப் பிறகு எந்த மேடையும் அவரை அழைக்கவில்லை. பழி தீர்ந்ததென்று ஊரே சொல்கிறது. ஆனால் திங்கட்கிழமை விடியவே றோசலின் மூட்டையோடு படிகளில் நின்றாள். இன்னும் யார் மேல் கோபம் என்று மகள் தக்ஷினி பிரெஞ்சில் கேட்டாள். றோசலின் மூட்டைக் கயிற்றை இறுக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். படிக்கு ஒரு தரம் இப்போது அவள் சொல்வது தன் சொந்தப் பேரை. திட்டும் அதற்குத்தான்.