அப்பாவின் றிவோல்வர் கொப்பி

அப்பா ஒரு றிவோல்வர் செய்விப்பதென்று முடிவெடுத்தபோது எனக்குப் பதினொரு வயது. ரொறன்ரோவுக்கு வந்து நாலு வருடமாகியிருந்தது. வெக்ஸ்போர்ட்டில் ஓர் அப்பார்ட்மென்ற்றின் ஏழாம் மாடியில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். மூவரிலும் ஒழுங்காக ஆங்கிலம் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான். பல் வைத்தியர், பள்ளிக்கூட ரீச்சர், குழாய் திருத்த வருகிறவர் என்று யாரிடம் போனாலும் என்னைத்தான் முன்னால் விடுவார்கள். துப்பாக்கி விஷயமும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

அப்பா பேச்சுக் குறைந்தவர். இரும்பு உதிரிப்பாகங்கள் கடையும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். வேலையால் வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு ரீவி பார்ப்பார். ஒரு நாள் என்னிடம் எழுதாத கொப்பி ஒன்று கேட்டார். நான் கட்டம் போட்ட கணக்குக் கொப்பியைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ரீவி பார்ப்பதை விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் இருந்து அடிமட்டமும் பென்சிலுமாக வரையத் தொடங்கினார்.

அவர் வரைந்தது ஒரே சாமானைத்தான். இடப்பக்கமிருந்து ஒன்று, வலப்பக்கமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. குழாய் எவ்வளவு நீளம், பிடி எவ்வளவு அகலம் என்று அருகில் இலக்கங்கள். பிடியின் இடப்பக்கத்தில், கீழ் ஓரமாக, நகத்தளவு மரம் உடைந்திருப்பதுபோல ஓர் அடையாளம். அதை மட்டும் ஒவ்வொரு படத்திலும் அழித்து அழித்து வரைந்தார்.

அப்பாவோடு வேலை செய்த போர்த்துக்கேயர் ஒருவர் ரெக்ஸ்டேலில் துப்பாக்கி செய்யும் கிழவர் ஒருவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் பஸ், ரெயின், பிறகு இன்னொரு பஸ் என்று நகரத்தின் அந்தக் கரைக்குப் போவோம். போகும் வழியில் அப்பா எனக்குச் சூடான சொக்லேற் வாங்கித் தருவார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பார். வேறு எந்த நாளிலும் கேட்காத கேள்விகள் அவை. அந்தச் சனிக்கிழமைகள் நிற்கக்கூடாது என்பது ஒன்றுதான் என் கவலையாக இருந்தது.

கிழவர் ஹங்கேரியிலிருந்து வந்தவர். அவருடைய ஆங்கிலமும் எங்கள் வீட்டு ஆங்கிலத்துக்கு அண்ணன் தம்பி முறைதான். முதல் நாளே அப்பாவின் கையை ஒரு கடதாசியில் வைத்துச் சுற்றிக் கோடு கீறி எடுத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த மரம், எந்த நிறம், என்ன அளவுக் குண்டு. நான் தமிழில் கேட்க, அப்பா யோசிக்காமல் பதில் சொன்னார். பத்து வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததுபோல இருந்தது.

"ஒவ்வொருக்காவும் சுத்தியலைப் பெருவிரலால பின்னுக்கு இழுக்கவேணுமாம், அப்பா. அப்பதான் சுடுமாம். இப்ப அப்பிடி இழுக்கத் தேவையில்லாத துவக்குகளும் இருக்காம். அது சுகமாம்."

"அதுக்குப் பேர் சுத்தியல் இல்லை, குதிரை," என்றார் அப்பா. "எனக்கு இழுக்கிறதுதான் வேணும் எண்டு சொல்லு."

உடைந்த அடையாளத்தைக் கிழவர் விரலால் தொட்டுக் காட்டி, இது என்ன, பென்சில் வழுக்கிவிட்டதா என்று கேட்டார். அப்பா இல்லையென்று தலையாட்டினார். புது மரத்தை யாராவது வேண்டுமென்றே உடைப்பார்களா என்று கிழவர் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"அது இருக்கவேணும்," என்றார் அப்பா. "அது இல்லாட்டி எனக்கு வேண்டாம்."

வீட்டில் அம்மா இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொப்பி மேசையில் கிடந்தால் அதைத் தொடாமல் சுற்றிவரத் துடைத்தார். ஒரு சனிக்கிழமை நாங்கள் வெளிக்கிடும்போது மட்டும், "பிள்ளையை ஏன் உதுக்குள்ள இழுக்கிறியள்?" என்று கேட்டார். அப்பா சப்பாத்து நூலைக் கட்டி முடித்தார்.

அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தால் பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார் என்று கிழவர் சொல்லியிருந்தார். படிவங்களை நான்தான் நிரப்பினேன். தை மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் ஒருவர் வந்தார். பனி ஒட்டிய சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, காலுறையோடு வந்து எங்கள் கதிரையில் அமர்ந்தார். நல்ல மனிதர். அப்பாவிடம் கேட்டு முடித்த பிறகு, அவரைக் கொஞ்சம் உள்ளே இருக்கச் சொன்னார். அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றார்.

வீட்டுக்குள் துப்பாக்கி வருவதில் உன் அம்மாவுக்குச் சம்மதமா, ஏதாவது பயம் இருக்கிறதா, அவரையே கேட்டுச் சொல் என்றார் பொலிஸ்காரர்.

நான் கேட்டேன். அம்மா அறைக் கதவைப் பார்த்தார். குரலைத் தணித்து, "அந்தச் சாமான் ஒருக்கா எங்கட வீட்டில இருந்தது போதும். அதால போன உயிர் போதும். திரும்பவும் வரவேண்டாம் எண்டு சொல்லு, பிள்ளை," என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. விளங்கியது கடைசித் துண்டு மட்டும்தான். வரவேண்டாம். அதைச் சொன்னால் ரெக்ஸ்டேல் இல்லை, சூடான சொக்லேற் இல்லை, அப்பா மறுபடியும் சத்தமில்லாத ரீவிக்கு முன்னால் போய்விடுவார்.

"அம்மாவுக்குச் சம்மதமாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

இவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்று அவர் கேட்டார். தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை என்றேன். அவர் சிரித்துக்கொண்டு எழுதினார். அம்மாவும், தான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து, அவருக்கு இன்னொரு பிஸ்கட் எடுத்து நீட்டினார்.

அம்மா சொன்ன அந்தச் சாமானின் கதை எனக்குத் தெரியவந்தது இன்னும் பதினான்கு வருடங்கள் கழித்து, அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகுதான். ஊரில் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தார். அந்தப் பதவிக்காக லைசன்சோடு ஒரு றிவோல்வர் வைத்திருந்தார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் விட்டுப்போன மிகப் பழைய சாமான். ஒருக்கா அலுமாரியிலிருந்து விழுந்து பிடியின் ஓரம் உடைந்திருக்கிறது. இயக்கப் பெடியள் வீடு வீடாகப் போய் லைசன்ஸ் துவக்குகளைச் சேர்த்த காலத்தில் மூன்று பேர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அப்பா எடுத்துக் கொடுத்தார். வந்தவர்களுக்கு அதைப் பாவிக்கத் தெரியவில்லை. சின்னப் பெடியள். குதிரையைப் பெருவிரலால் எப்படி இழுப்பதென்று அப்பாவே காட்டியும் கொடுத்தார்.

அதிலிருந்து ஆறு கிழமை கழித்து, வாசிகசாலைக்கு முன்னால் வைத்து, அப்பாவின் தம்பியான என் சித்தப்பாவைச் சுட்டார்கள். மூன்று வெடி. அவர் வேறு இயக்கத்துக்காரரோடு பழகினார் என்றார்கள். பக்கத்துத் தையல்கடைக்காரர், சுட்டவன் கையிலிருந்த சாமானின் பிடி உடைந்திருந்தது என்று அப்பாவிடம் வந்து சொல்லியிருக்கிறார். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்றார் அம்மா. சித்தப்பா ஷெல் விழுந்து செத்தார் என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

"பிறகு ஏன் அப்பா இஞ்ச வந்தும் அதையே செய்விக்க வெளிக்கிட்டவர்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை. அது திரும்பித் தன்ர கைக்கு வந்தாச் சரி எண்டு நினைச்சாரோ, என்னவோ. நான் அதைக் கேக்கப் பயந்தனான். அந்தப் பொலிசுக்காரனுக்கு வேண்டாம் எண்டு சொன்னனான்தானே. அவனும் கேக்கயில்லை."

நான் அப்போதும் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை.

பொலிஸ்காரர் வந்துபோன அந்த வருடம், அனுமதி வந்தது பங்குனியில். அடுத்த சனிக்கிழமை பத்திரத்தைச் சட்டைப்பைக்குள்ளும் கொப்பியைக் கையிலும் எடுத்துக்கொண்டு அப்பா புறப்பட்டார். கிழவர் எங்களைக் கண்டதும் உள்ளே போய், ஒரு துணியில் சுற்றியதைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். வேலை இன்னும் முடியவில்லை. இரும்புக்குக் கறுப்பு ஏற்றவில்லை. ஆனால் மரப்பிடி பூட்டியிருந்தது. அதன் இடப்பக்கத்தில், கீழ் ஓரத்தில், கொப்பியில் இருந்தபடியே உடைவு. குண்டு இல்லை, பயமில்லாமல் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்றார் கிழவர். தன் வேலையில் அவருக்குப் பெருமை.

அப்பா கொப்பியை மேசையில் வைத்துவிட்டு அதை எடுத்தார். உடைவின் மேல் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, பெருவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். நெரிபடும் சத்தம் கேட்டது. விசையை அழுத்தினார். டிக்.

"ஒண்டு," என்றார்.

மீண்டும் இழுத்தார். அவசரமில்லாமல், முழுதாக. டிக். "ரெண்டு."

மூன்றாவது தரம் இழுக்க அவருக்கு நெடுநேரம் எடுத்தது. பெருவிரல் வழுக்கி வழுக்கிப் போனது. டிக் என்றதும் "மூண்டு" என்று சொல்ல வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. றிவோல்வரைத் துணியின் மேல் மெல்ல வைத்தார். ஏதாவது பிழையா, குதிரை இறுக்கமாக இருக்கிறதா என்று கிழவர் என்னிடம் கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லுமுன் அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

பஸ் தரிப்பில் பனி கரைந்து சேறாகக் கிடந்தது. அப்பா கொட்டகைக்குள் வராமல் றோட்டோரத்தில் நின்றார். கையுறை போடவில்லை. வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "என்ர கையாலதான் குடுத்தனான், பிள்ளை," என்றார்.

நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். இரண்டும் வெறுமையாக இருந்தன. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"கொப்பியையோ, அப்பா? அது மேசையில கிடக்குது. நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாறன்."

அப்பா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு நாளும் அவர் என்னைப் பார்த்ததில்லை.

"வேண்டாம். அவங்கள் திருப்பித் தரமாட்டாங்கள்."

கிழவர் ஒருவர்தானே, இவர் ஏன் பன்மையில் சொல்கிறார் என்று நினைத்தேன். கிழவர் நல்லவர் என்றும், நாங்கள் தமிழில் கேட்டால்தான் அவருக்கு விளங்காது, நான் ஆங்கிலத்தில் கேட்டால் கட்டாயம் தருவார் என்றும், பஸ் வரும்வரை அப்பாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நின்றேன்.