புள்ளி விழும் இடம்

அந்தத் தெருவில் யாருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாலும் தலை கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். மருந்துக் கடைக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், மாடி வீட்டு வக்கீல், வக்கீலின் மாமியார் என்று எல்லோரும் பக்கத்தில் யாரோ ரகசியம் சொல்லக் காது கொடுப்பதுபோல உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் தெருவுக்கே கழுத்து வலியா என்று வெளியாட்கள் கேட்டதுண்டு. கழுத்து வலி ஒன்றுமில்லை. எல்லோரும் ஊர் 'சாய்வக்கா' என்று கூப்பிடும் ஸ்டூடியோக்காரியிடம் படம் எடுத்துக்கொண்டவர்கள், அவ்வளவுதான்.

லைசென்ஸ் ஆபீஸுக்கு நேர் எதிரே ஒற்றை அறை. ஒரு வெள்ளைச் சுவர், ஒரு முக்காலி, கேமராவைத் தாங்கும் மூன்று கால் ஸ்டாண்டு, சோற்று டப்பா அளவுக்கு ஒரு பிரிண்டர். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவளுடைய ராஜ்யம். உள்ளே வருகிறவர்களை அவள் வரவேற்றதாகச் சரித்திரம் இல்லை. "உக்காருங்க, பல்லைக் காட்டாதீங்க, வலப்பக்கம் கொஞ்சம் சாய்ங்க, மூச்சை விடாதீங்க." அழுகிற குழந்தையிடம், "அழுதா படத்துல மூக்கு பெரிசா வரும்" என்பாள். குழந்தை பயத்தில் நிறுத்திவிடும். தாயும் சேர்ந்து பயந்துபோவாள்.

ஏன் சாயச் சொல்கிறாள் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முதல் டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிதில், உள்ளே தூசி இருக்கிறதென்று கண் மை பூசும் தூரிகையை விட்டுத் துடைத்தாள். தூரிகையின் தகர வளையம் உள்ளே இருக்கும் கண்ணாடியில் ஒரு கீறு கீறிவிட்டது. அன்று முதல் எந்தப் படத்திலும் இடப்பக்க மேல்மூலைக்குச் சற்றுக் கீழே, தலைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சுவரில் மிளகு ஒட்டியதுபோல ஒரு கரும்புள்ளி. கம்ப்யூட்டரில் துடைத்துவிடலாம்தான். ஆனால் தொட்டுத் திருத்திய படம் செல்லாது என்று ஆபீஸ் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அவள் யோசித்தாள். உட்கார்ந்திருக்கும் ஆள் கொஞ்சம் சாய்ந்தால் புள்ளி தலைமுடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. வழுக்கைத் தலைக்காரர்கள் வந்தால் காதை வைத்துச் சமாளித்தாள். ஆறு வருஷம் இப்படி ஓடியது.

பிறகு அந்தக் கேமராவைக் கடைத்தெருக் கேமராக் கடையில் கொடுத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கினாள். அதில் புள்ளி இல்லை. ஆனால் வாய் கேட்கவில்லை. "வலப்பக்கம் கொஞ்சம் சாய்ங்க" என்பது மூச்சோடு மூச்சாக ஊறிப்போயிருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை என்று விட்டுவிட்டாள்.

நஷ்டம் போன மாதம் வந்தது. ஆபீஸில் படத்தைச் சரிபார்க்க மெஷின் வைத்தார்கள். தலை சாய்ந்திருந்தால் மெஷின் படத்தைத் துப்பியது. மூன்று பேர் திரும்பி வந்து அவளிடம் கத்தினார்கள். அவளும் கத்தினாள். "மெஷினுக்கு என்ன தெரியும்? மனுஷன்னா கொஞ்சம் சாயத்தான் செய்வான்." நாலாவது படம் திரும்பினால், ஆபீஸ் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டூடியோப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிடுவோம் என்று குமாஸ்தா சொல்லி அனுப்பினார். அந்த இடத்தைப் பிடிக்க முனையிலிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் ஏற்கெனவே ஒரு வெள்ளைத் திரை வாங்கித் தொங்கவிட்டிருந்தான். பட்டியலில் பெயர் போனால் அந்த அறைக்கு வாடகை கட்டும் அளவுக்குக்கூட ஆள் வராது.

இந்த நேரம் பார்த்து வியாழக்கிழமை கேமராவும் உயிரை விட்டது. ஓர் அம்மாளை மூச்சை அடக்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே ஏதோ மடங்கி நொறுங்கும் சத்தம். அந்த அம்மாள் பாவம், முகம் சிவக்கும்வரை மூச்சை விடவில்லை. ரிப்பேர்காரன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். திங்கட்கிழமைக்குள் வேறு கேமரா வேண்டும்.

வீட்டில் யுத்தம் ஆரம்பித்தது. அவள் கணவர் தண்ணீர் பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். போனில் மணிக்கணக்காகப் படித்து, புதுப்பித்த கேமராவே போதும் என்று முடிவு கட்டிவிட்டார்.

"எவனோ தொட்டுத் தடவினதை நான் ஏன் வாங்கணும்?" என்றாள்.

"பழசு இல்லம்மா, புதுப்பிச்சது. ஷட்டர் புதுசு, பிடியில இருக்கற ரப்பர் புதுசு, திரை புதுசு."

"அப்ப எதுதான் பழசு?"

"உள்ள இருக்கறது."

"உள்ள இருக்கறதுதாங்க கேமரா! உங்களுக்குக்கூடத்தான் பல்லு செட்டு புதுசு. அதுக்காக உங்களைப் புது மாப்பிள்ளைன்னு சொல்லிக்க முடியுமா?"

அவர் மாடிக்குப் போகிறேன் என்று எழுந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் முனகிக்கொண்டு ஏறினார். அந்த முனகலுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். கையிருப்பு அவருடைய முட்டி ஆபரேஷனுக்காக ஒதுக்கி வைத்தது. புதுக் கேமரா என்றால் முட்டி இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். மனுஷர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். படிதான் சொல்லும்.

"கேக்குதுங்க, கேக்குது! மெதுவாவே ஏறுங்க!" என்று கீழிருந்து கத்தினாள்.

சனிக்கிழமை இருவரும் கடைத்தெருக் கேமராக் கடைக்குப் போனார்கள். அதைவிட்டால் வேறு கடை கிடையாது. நாலு வருஷம் முன்பு பழைய கேமராவை விற்றபோது அவளும் அந்தக் கடைக்காரனும் தெருவே கூடும்படி விலைக்குச் சண்டை போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"வாங்கக்கா. வழி மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றான் கடைக்காரன். ஒல்லியான ஆள். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் துடைக்கும் துணியோடு நின்றான்.

"வழி மறக்கல தம்பி. இங்க வர்ற அளவுக்குக் கெட்ட நேரம் வரல, அவ்வளவுதான்."

"இப்ப வந்துடுச்சு போல."

"வந்துதான் எதிர்ல நிக்குதே."

கணவர் இருமினார். கடைக்காரன் இரண்டு கேமராக்களை எடுத்து மேஜையில் வைத்தான். ஒன்று பிரிக்காத பெட்டியில் புதுசு. மற்றது புதுப்பித்தது. கறுப்பு ரப்பர் பளபளத்தது. "சார் போன்ல கேட்டாரு. அதான் உங்களுக்குன்னே உள்ளேயிருந்து எடுத்து வெச்சேன்" என்று இரண்டாவதை அவள் பக்கம் நகர்த்தினான். அவன் குரலில் இருந்த இனிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் சுலபமாக ஏமாறுகிறவள் இல்லை. கேமராவை முகர்ந்து பார்த்தாள், பூஞ்சை வாடை இருக்கிறதா என்று. திருகாணிகளின் தலையில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினாள். காதோரம் வைத்து ஷட்டரை இருபது முறை அடித்துக் கேட்டாள்.

"பொண்ணு பாக்க வந்தாக்கூட இவ்வளவு பாக்க மாட்டாங்கக்கா."

"பொண்ணுன்னா வாயைத் திறந்து சொல்லிடும். இது உன் பொருளாச்சே, சொல்லுமா?"

கடைசியாகத் தன் சோதனைக்கு வந்தாள். உள்ளே இருக்கும் குறை படத்தில் தெரியும்படி லென்ஸின் துளையை முடிந்தவரை சுருக்கி, கேமராவை நிமிர்த்திப் பிடித்து, கடையின் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தாள். திரையில் பெரிதாக்கினாள்.

இடப்பக்க மேல்மூலைக்குச் சற்றுக் கீழே ஒரு மிளகு.

அவள் விரலால் திரையைத் துடைத்தாள். மறுபடி எடுத்தாள். மிளகு அசையவில்லை. ஆறு வருஷம் ஊர் முடிக்குள் ஒளித்து வைத்த புள்ளியை அவளுக்கு அடையாளம் தெரியாதா? ரப்பர் புதுசு, திரை புதுசு, ஷட்டர் புதுசு. உள்ளே இருப்பது அவளுடையது.

"என்னக்கா, ஏதாவது குறை இருக்கா?" என்றான் கடைக்காரன், மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி.

குறை என்று சொன்னால், அது யார் செய்த குறை என்பான். இல்லை என்றால், அப்படியானால் வாங்குங்கள் என்பான். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் சரியாத் தெரியல."

"தெரியலையா? அப்ப நான் தெரிய வெக்கறேன்." இழுப்பறையைத் திறந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து அவள் முன் விரித்தான். நாலு வருஷம் முன்பு கேமராவைக் கொடுத்தபோது அவள் எழுதித் தந்தது. *குறை ஏதும் இல்லை.* கீழே அவள் கையெழுத்து, அதுவும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து.

"மூணு தடவை வித்தேன்க்கா இதை. மூணு தடவையும் திரும்பி வந்துச்சு. ஒரு காலேஜ் வாத்தியார் கடை வாசல்ல நின்னு என்னைத் திருட்டுப்பயன்னு கூப்பிட்டாரு. என் மாமனார் அப்ப உள்ளதான் உக்காந்திருந்தாரு. கண்ணாடிய மாத்தியிருக்கலாம். மாத்தல. என்னிக்காவது நீங்க வருவீங்கன்னு வெச்சிருந்தேன்."

கணவர் தாளைப் பார்த்தார், திரையிலிருந்த புள்ளியைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். "அதுக்குத்தான் எல்லாரையும் சாயச் சொன்னியா?" என்றார் மெதுவாக. "என்னைக்கூடவா?"

"நீங்க சும்மா இருங்க."

"நானும் கவனிச்சிருக்கேன்" என்றான் கடைக்காரன். அவன் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கத்து ஆளுங்க அடையாள அட்டை எல்லாம் சாஞ்சே இருக்கும். ஏன்னு புள்ளியப் பாத்த அன்னிக்குத்தான் புரிஞ்சுது." மேஜையிலிருந்த கேமராவை எடுத்து, நிமிர்ந்த நிலையிலிருந்து தலைகீழாகப் புரட்டி, அதே சுவரை ஒரு படம் எடுத்து நீட்டினான். மிளகு கீழே, வலப்பக்க ஓரத்துக்குப் போயிருந்தது. ஆள் உட்கார்ந்தால் அவருடைய தோள்பட்டை வரும் இடம். கறுப்புச் சட்டையோ கோட்டோ, அதற்குள் புதைந்துவிடும். "கேமரா உக்கார்ற ஸ்டாண்டுத் தட்டைக் கழட்டித் திருப்பி மாட்டினா போதும். ரெண்டு நிமிஷ வேலை. கேமராவைத் திருப்ப வேண்டிய எடத்துல நீங்க ஊரையே திருப்பிட்டீங்களேக்கா!"

அவளுக்குக் காது மடல்கள் கொதித்தன. கேமராவை நெட்டாகத் திருப்ப ஸ்டாண்டு ஒரு பக்கம்தான் சாயும் என்று நம்பியிருந்தாள். திருப்பி மாட்டலாம் என்று ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை. புதுசை எடுத்து இவன் மூஞ்சியில் காசை வீசிவிட்டுப் போய்விடலாமா என்று கை பெட்டியை நோக்கிப் போனது.

பக்கத்தில் கணவர் ஒரு காலில் பாரத்தை மாற்றினார். முட்டி சொடக்கிட்டது.

கை பெட்டியிலிருந்து திரும்பி வந்தது.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள் பழசைக் காட்டி. "ஆனா பில்லுல எழுதணும். உள்ள கீறல் இருக்குன்னு."

"எழுதறேன். நீங்களும் எழுதணும். கீறினது யாருன்னு."

"அப்படீன்னா விலையில பாதி."

"பாதியா? நான் தெருவுல திட்டு வாங்கினதுக்கு யாரு விலை போடறது?"

"திட்டு உனக்குப் புதுசா? ரப்பர் போட்டதுக்கும் ஷட்டருக்கும் மட்டும் வாங்கு. உள்ள இருக்கறது என்னுது."

வாக்குவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. கடைக்கு வந்த இரண்டு பேர் பயந்து திரும்பிப் போனார்கள். கடைசியில் அவள் சொன்ன விலைக்கும் அவன் சொன்ன விலைக்கும் நடுவில், இரண்டு பேருக்குமே பிடிக்காத ஓர் இடத்தில் நின்றது. அவன் எழுதினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, பில்லின் அடியில், *கீறியது நான்தான்* என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவன் அந்தப் பில்லின் நகலைக் கண்ணாடி மேஜைக்கு அடியில், வருகிறவர்கள் பார்க்கும்படி செருகி வைத்தான்.

"அதை எடு."

"என் மேஜையில நான் எதை வெச்சா என்னக்கா."

திங்கட்கிழமை காலை கணவர் லீவு போட்டுவிட்டு அறைக்கு வந்தார். படங்களை வெட்டித் தருகிறேன் என்று சாக்கு. ஸ்டாண்டுத் தட்டைக் கழற்றித் திருப்பி மாட்ட அவருக்கு இரண்டு நிமிஷம்தான் ஆனது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பார்க்காததுபோல இருந்தாள்.

முதலில் வந்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அறையில் தொங்கிய கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். அவள் கேமராவுக்குப் பின்னால் போய்க் கண்ணை வைத்தாள். நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கினாள். ஆனால் பார்த்தால், ஆள் தானாகவே வலப்பக்கம் சாய்ந்திருந்தார்.

"நேரா உக்காருப்பா."

"நேராத்தான்க்கா இருக்கேன்."

"இல்லங்கறேன்."

அவர் நிமிர்ந்தார். எண்ணி மூன்று நொடி. தலை தானாக இறங்கியது. அவள் முன்னால் போய் இரண்டு காதையும் பிடித்து, தண்ணீர்க் குழாயைத் திருகுவதுபோலத் திருகி நேராக வைத்தாள்.

"பழக்கம்க்கா" என்றார் வலியோடு. "கேமராவைக் கண்டா சாஞ்சுடுது. எங்க வீட்டுக் கல்யாணப் படத்துலகூட நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் நிக்கிறோம்."

"யாரு உங்களைச் சாயச் சொன்னது?"

"நீங்கதானேக்கா! இத்தனை வருஷமா!"

"அது அந்தக் கேமராவுக்கு" என்றாள் அவள். "இது வேற கேமரா."

மூலையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. கணவர் தலையைத் தூக்கினார்.

"வாயத் திறந்தீங்க," என்றாள் திரும்பாமலே, "முட்டிக்கு முன்னாடி வேற எதையாவது ஆபரேஷன் பண்ண வேண்டி வரும்."

கத்தரிக்கோல் மறுபடி நடந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். படத்தோடு வேன்காரர் தெருவைக் கடந்து எதிர் ஆபீஸுக்குள் போனார். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனும் தன் வாசலில் நின்று அதே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம். வேன்காரர் வெளியே வந்து, கையை உயர்த்தி ஆட்டினார். "மெஷின் ஏத்துக்கிச்சுக்கா!"

"ஏத்துக்காம என்ன பண்ணும்!" என்று மூக்குக்கண்ணாடிக் கடைவரை கேட்கும்படி கத்தினாள். "அடுத்த ஆள் வாங்க!"

வக்கீலின் மாமியார் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போதே சாய்ந்துகொண்டார்.