ஐலீனின் மூச்சுப் பெட்டி

என் தம்பி மனைவி ஐலீன் பயந்தாங்கொள்ளி. அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். கூலாய் ஊருக்குப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சர்க்யூட் பலகைகளைச் சோதிப்பவள்; நன்றாக ஓடுகிற மின்விசிறியைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்ப்பாள்.

அவள் மகன் டாரில் குறைமாதத்தில் பிறந்தான். தூக்கத்தில் சில நேரம் மூச்சு நின்றுவிடும், தட்டி எழுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரசவ விடுப்பு முடிந்ததும் பிள்ளை என் பொறுப்பு. ஹாலில் ஸ்பிரிங் மாட்டிய சாரோங் துணி ஏணையில் அவன் தூங்குவான். பின்கட்டுச் சமையலறையில் இருந்தாலும் எனக்கு மூச்சு கேட்கட்டும் என்று ஐலீன் ஒரு பெட்டி செய்தாள். ஏணையில் மைக், என் அடுப்பு மேடையில் ஸ்பீக்கர். 'புஸ்... புஸ்...' என்று அது மூச்சு விட, நான் மீன் கழுவுவேன்.

ஒரு சனிக்கிழமை, நல்ல உச்சி வெயில். ஜிங்க் தகரக் கூரை தகித்தது. இருவரும் சமைத்துக்கொண்டிருந்தோம். பெட்டிச் சத்தம் கரகரத்தது. பிறகு நின்றே போனது.

ஐலீன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் வேறு சொல் இல்லை.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல அண்ணி, நல்லாத் தூங்குறான்!" என்று ஹாலிலிருந்து கத்தினாள். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தாள்.

"அலமாக்! உன் பெட்டி என்னைக் கொன்னுருக்கும் லா!" என்று அலறினேன்.

"என் தப்புதான் அண்ணி. ஃபேக்டரி ஏர்கோன் குளிர்லயே டெஸ்ட் பண்ணிட்டேன். சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர் கரண்ட கூடுதலா இழுக்குது. அது நிக்க வேண்டிய அளவ விட்டு நகந்து, கடைசியில உச்சத்துல முட்டிக்கிட்டு நின்னுருச்சு. அப்புறம் மூச்சு வந்தாலும் சத்தம் வராது."

அன்றே டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தாள். மின்னோட்டம் எகிறப் பார்த்தால் அதுவே கடிவாளம் போடுமாம். பேஸ் காலுக்கும் இரண்டு ரெசிஸ்டர் வைத்து மின்னழுத்தத்தை நிலைநிறுத்தினாள். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினாள். 'புஸ்... புஸ்...' மாறவே இல்லை.

"அப்புறமென்ன, இனி பயமில்லல்ல?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "முந்தி சத்தம் நின்னா, பெட்டி கெட்டுப்போச்சோன்னு நெனைச்சுக்கலாம் அண்ணி. இனிமே அப்படி நெனைக்க முடியாது."

அன்றிலிருந்து சமையலறைக் குழாயைக்கூட நான் சத்தமாகத் திறப்பதில்லை.