கடப்பாரையை வெளியே வையுங்கள்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் ரோட்டில், இண்டூரைத் தாண்டி எங்கள் ஓட்டல் இருந்தது. மாட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக என் மாமனார் கட்டியது. கீழே சாப்பாடு, மாடியில் மூன்று அறைகள். நான் கல்யாணமாகிப் போனபோது அவர் உயிரோடு இல்லை. கணவரும் நானும்தான் நடத்தினோம். சந்தை நாளில் பிரியாணி, மற்ற நாட்களில் டீயும் பன்னும். சும்மா கிடந்த அறைகளில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், ஓடைக்கரையில் கிணறு வெட்டியவர்கள் மண்ணில் மஞ்சளாக எதையோ பார்த்தார்கள். கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்த மண்ணை மரத்தட்டில் அலசிக் காட்டினார். தட்டின் அடியில் கேழ்வரகில் பாதி அளவுக்குச் சில பொட்டுகள். தங்கம்தான்.

அதற்குப் பிறகு ஓடைக்கரையில் மனிதர்கள் மண்ணைத் தின்பது போலத் தோண்டினார்கள். அரசாங்க ஜீப் வந்து தடை போர்டு நட்டுவிட்டுப் போனது. போர்டைப் பிடுங்கிக் குழிக்கு முட்டுக் கொடுத்தார்கள். எங்கள் ஓட்டலைச் சுற்றி ஓலைக் கொட்டாய்களில் புது ஓட்டல்கள் முளைத்தன. ஒன்றில் சாராயமும் ஊற்றினார்கள். அந்தக் கொட்டாயை எரித்தார்கள், மறுநாளே திரும்பக் கட்டினார்கள். பக்கத்துக் குழியில் கை வைத்தான் என்று ஒருவனுடைய காதை அறுத்துவிட்டார்கள். அவன் துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு எங்களிடம் வந்து டீ கேட்டான். கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்று டம்ளரைத் திருப்பி நீட்டினான்.

எங்கள் கடைக்குள்ளேயே ஒரு நாள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். கணவர் வாசலில் பெயிண்டால் எழுதிப் போட்டார்: கடப்பாரையை வெளியே வையுங்கள். எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வெளிச்சுவர் முழுக்கக் கடப்பாரைகள் சாய்ந்திருக்கும்.

மாடியில் முதல் அறைக்கு வந்தவர்கள் கோலார் பக்கத்து ஆட்கள் இருவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மூத்தவன் இளையவனுடைய அக்காவைக் கட்டியவன். இளையவன் அவனை "பாவா, பாவா" என்றுதான் கூப்பிடுவான். அக்கா புருஷனை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்தபோது இளையவன் என்னிடம் கஞ்சி வாங்கிப்போய் ஊட்டினான். "பாயம்மா, உப்பு கம்மியா போடுங்க, பாவாவுக்கு ஆகாது" என்பான். அந்தக் கூட்டத்தில் எனக்குப் பயமில்லாமல் பேச முடிந்தது அவர்கள் இருவரிடம்தான்.

அவர்கள் குழியில் கொஞ்சம் நன்றாகவே கிடைக்க ஆரம்பித்தது. அதோடு பேச்சு குறைந்தது. ஒரே தட்டு இரண்டு தட்டானது.

அன்று மத்தியானம் கடை நிறைந்திருந்தது. நான் அடுப்பில் கறிச்சாறு இறக்கிக்கொண்டிருந்தேன். இளையவன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, மூத்தவன் உள்ளே வந்து அவனுடைய பனியன் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். தையல் பிரிந்து ஒரு சின்னத் துணி முடிச்சு தட்டில் விழுந்து அவிழ்ந்தது. உள்ளே தங்கப் பொட்டுகள்.

"இது ஏதுடா?"

"அக்காவுக்கு வச்சேன் பாவா. உன்கிட்ட இருந்தா குடிச்சே தீத்துடுவே."

மூத்தவன் மேசையில் இருந்த எவர்சில்வர் ஜக்கை எடுத்து அவன் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்து சோற்றில் ரத்தம் கொட்டியது. இளையவன் எழுந்து, கறி வெட்டும் கட்டையில் கிடந்த என் கத்தியை எடுத்து மூத்தவனின் தோளில் வெட்டினான். எல்லாரும் பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். மூத்தவனும் ஓடுகிறான் என்றுதான் நினைத்தேன். வாசலுக்குப் போனவன் சுவரிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு திரும்பினான். அதற்குள் இளையவன் கத்தியைக் கீழே போட்டிருந்தான். "வேணாம் பாவா" என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டினான்.

நான் கொதிக்கிற சாற்றை அப்படியே மூத்தவன் மேல் வீசினேன். அவன் கை முழுக்க வெந்தது. அப்படியும் கடப்பாரையை விடவில்லை. இரண்டாவது அடியிலேயே இளையவன் அசையவில்லை. மூத்தவன் மேலும் அடித்துக்கொண்டே இருந்தான். பிறகு அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். போலீஸ் வந்து எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த நாள் அவன் மனைவி பஸ்ஸில் வந்து இறங்கினாள். தம்பி தர்மபுரி ஆஸ்பத்திரிப் பிணவறையில், புருஷன் லாக்கப்பில். இடுப்பில் ஒரு குழந்தை. அழுது முடித்த முகம். நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க பாத்தீங்களாமே. யாரு மொதல்ல அடிச்சது?"

சொல்லாதே என்று கணவர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். நான் சொன்னேன். "உங்க வூட்டுக்காருதாம்மா. அப்புறம் உன் தம்பி கத்திய எடுத்தான். ஆனா கீழ போட்டுட்டான். வேணாம்னு கெஞ்சினான். அதுக்கப்புறம்தான் அவரு கடப்பாரையால அடிச்சாரு."

அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரில் தலையை மோதினாள். நெற்றி கிழிந்தது. பிடித்து நிறுத்தினேன். "இத கோர்ட்ல சொல்வீங்களா?" என்றாள்.

"சொல்றேன்."

ராத்திரி கணவர் கோபப்பட்டார். "உனக்கேன் இந்த வம்பு? யாருமே பாக்கலேன்றாங்க, நீ மட்டும் பாத்தியா?"

"நம்ம கத்திங்க அது. நம்ம சாறு. எப்படிங்க பாக்கலேன்னு சொல்றது?" என்றேன்.

மழைக்காலம் வந்து ஓடை பெருகியது. குழிகள் சரிந்து மூன்று பேரை மூடின. தங்கமும் அதற்கு மேல் அகப்படவில்லை. கொட்டாய்க்காரர்கள் ஓலையைக்கூட எடுக்காமல் போனார்கள். எங்கள் ஓட்டல் மட்டும் நின்றது. நான் கறி வெட்டுவதை விட்டுவிட்டேன். பிரியாணி போய், இட்லி, தோசை என்று ஆனது.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருஷமானது. கடைசியில் கணவரே என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார். பார்த்ததைச் சொன்னேன். மூத்தவன் மறுக்கவில்லை. அவன் கையில் நான் வீசிய சாற்றின் தழும்பு சுருங்கி வெளுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

வெளியே வேப்பமரத்தடியில் போலீஸ்காரர்கள் அவனை உட்கார வைத்திருந்தார்கள். கோர்ட்டுக்கு வந்திருந்த அவன் மனைவி போய் அவன் தலைமயிரைப் பிடித்து, முகத்திலும் நெஞ்சிலும் மாறி மாறி அறைந்தாள். செருப்பாலும் அடித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். போலீஸ்காரர் ஒருவர் பிடித்து இழுத்தபிறகுதான் நிறுத்தினாள். மூச்சு வாங்கியபடி கேட்டாள்:

"தின்னியா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். அவள் என் பக்கம் திரும்பினாள். பஸ்ஸில் சாப்பிடுவதற்காக நான் கட்டி வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அதை அவன் மடியில் போட்டுவிட்டு, அவன் பிரிப்பதைப் பார்க்காமல் நடந்தாள்.

அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவள் பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை.