தேர்க்கூட்டத்தில் தொலைந்த வெள்ளைக்காரன்

மூன்று வருடத்துக்கு முந்தி, கொட்டாஞ்சேனையில் தேர் இழுத்த ஒரு காலை, அமெரிக்காவிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்த ஒரு பிள்ளையை நான் தொலைத்துவிட்டேன்.

அப்போது நான் மோர்மன் என்கிற கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரன். கொழும்பில் எங்களைப் பார்த்திருப்பீர்கள். கொதிக்கிற வெயிலில் வெள்ளைச் சேட்டு, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டியோடு இரண்டு பேர் நடந்து போவோம். வெள்ளவத்தையில் இன்சூரன்ஸ்காரர் என்று நினைத்து, நாங்கள் வாய் திறக்குமுன் கேற்றை மூடிவிடுவார்கள். தேத்தண்ணியும் கோப்பியும் எங்கள் சபைக்கு ஆகாது. நான் பிறந்ததோ ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கொழுந்து பறித்து வளர்த்த பிள்ளை தேத்தண்ணி வேண்டாம் என்றதை அம்மா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

எங்களுடைய பெரிய சட்டம், ஜோடியாகப் போகிறவர்கள் ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையக்கூடாது. எனக்குக் கிடைத்த ஜோடி கொழும்புக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பத்தொன்பது வயது, ஆறடிக்கு மேல் உயரம், உருளைக்கிழங்கு விவசாயி வீட்டுப் பையன். அவனைப் பழக்குகிற பொறுப்பு என்னுடையது. வீடியோ கோலில் அவனுடைய அம்மா கண் கலங்கியபோது, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, "கவலைப்படாதீங்க, அவன் என்னோடுதான் இருக்கிறான்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று ஒரு வீட்டுக்கு எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். தேருக்காக வீதியை மறித்திருந்ததால் கூட்டத்தைக் கடந்துதான் போக வேண்டும். "என் முதுகைப் பார்த்தே வா. தவறிப்போனால் நின்ற இடத்திலேயே நில்" என்று தளபதி மாதிரிச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். அவனுக்கு இன்னும் சிம் எடுக்கவில்லை. வழி பார்க்கட்டும் என்று என் போனையும் அவனிடமே கொடுத்திருந்தேன். போகிற வழியெல்லாம் விளக்கம் வேறு: இது காவடி, அது தேர் வடம், அந்தக் கடலையை வாங்காதே, வயிறு தாங்காது. கொஞ்ச தூரம் போய், விளங்கியதா என்று இங்கிலீஷில் கேட்டுத் திரும்பினேன்.

"யெஸ் சேர்" என்றார் பின்னால் வந்த பலூன்காரர்.

ஆறடி ஆளைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது லேசு என்று நினைப்பீர்கள். தேடுகிறவனும் ஆறடி என்றால் லேசுதான். நான் ஐந்தடி. எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். ஒரு பொலிஸ்காரரிடம் சிங்களத்தில், ஒரு சுது மல்லியை, அதாவது வெள்ளைக்காரத் தம்பியை, கண்டீர்களா என்று கேட்டேன். வயதைக் கேட்டார். பத்தொன்பது என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவர் வருவார், நீங்க ஓரமா நில்லுங்க" என்றார். அந்த அம்மாவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. உங்கள் பிள்ளையைக் கொட்டாஞ்சேனையில் எங்கோ வைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அப்போதுதான் ஒலிபெருக்கி பேசியது. முதலில், சிவப்புப் பாவாடை கட்டிய நாலு வயதுப் பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது, தாய் தகப்பன் உடனே வரவும் என்றார்கள்.

"அடுத்தது, வெள்ளைச் சேட்டு, நீல டை, கண்ணாடி, கட்டை ஆள். கதைச்சுக்கொண்டே போயிட்டாராம். அவரைக் காணாமல் ஒரு வெளிநாட்டுத் தம்பி இஞ்ச கவலையோட இருக்கிறார். தம்பி, பயப்படாமல் அறிவித்தல் கூடாரத்துக்கு வாங்கோ."

பிறகு சிங்களத்திலும் சொன்னார்கள். அதிலும் நான் கட்டைதான்.

சுற்றி நின்றவர்கள் என் டையைப் பார்த்தார்கள். அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஓர் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கோ தம்பி, நான் கொண்டுபோய் விடுறன்."

"இல்ல அன்ரி, நான் தொலையல. நான்தான் ஒருத்தரத் தேடுறேன்."

"எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான் சொல்லும்" என்றார். பிடியை விடவில்லை.

கூடாரத்தில் என் ஜோடி பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். பக்கத்துக் கதிரையில் சிவப்புப் பாவாடை. நான் சொன்னபடியே அவன் நின்ற இடத்தில் நின்றிருக்கிறான். அது தேர் வரும் பாதை. அதனால்தான் தொண்டர்கள் அழைத்து வந்திருக்கிறார்கள். போனில் இருந்த என் படத்தைக் காட்டியே அடையாளம் சொல்லியிருக்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து அப்படியே கட்டிப்பிடித்தான். தேர் நகர்ந்திருக்க வேண்டும், வெளியே பெரிதாக அரோகரா கேட்டது.

அன்ரி எனக்குப் பிளேன்ரீ நீட்டினார். நாங்கள் தேத்தண்ணி குடிப்பதில்லை என்றேன்.

"தம்பி எந்த ஊர்?"

"ஹட்டன்."

மைக்கைப் பிடித்திருந்த ஐயா திரும்பிப் பார்த்தார். "அப்ப இவர் தொலைஞ்சது இண்டைக்கில்லை" என்றார். கூடாரமே சிரித்தது. நானும்தான். அன்ரி இரண்டு பேருக்கும் மோர் வாங்கித் தந்தார். எங்கள் பெயர்ப்பட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வாரம் அவன் வீட்டுக்குக் கதைத்தபோது நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவனுடைய அம்மா சிரித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "கவலைப்படாதே, அவன் உன்னோடுதான் இருக்கிறான்" என்றார்.

இப்போது ஊழியம் முடிந்து, வத்தளையிலிருந்து வேலைக்குப் போய் வருகிறேன். டை கட்டுவதில்லை. ஆனால் எந்தக் கூட்டத்தில் யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் நாலடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். காணாமல் போனவர் என்று ஒலிபெருக்கி தொடங்கினாலோ, முதலில் குனிந்து என் சேட்டின் நிறத்தைத்தான் பார்க்கிறேன்.